வாசகர் கேள்வி பதில்: முத்திரை வரியில் தொடங்கிய சண்டை

போன இதழில் அமெரிக்க சுதந்திரப் போரைப் பற்றி நாலு வரி எழுதினேன், அதற்கு வந்த கடிதங்கள் மேசையில் குவிந்து கிடக்கின்றன. 11ஆம் தர வரலாற்றில் அந்தப் பாடம் இருப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். வாழைச்சேனையிலிருந்து திருக்கோவில் வரை கேட்டிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, இந்தத் தடவை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: வரி கட்ட மாட்டோம் என்று தொடங்கியவர்கள் எப்படித் தனிநாடு வேண்டும் என்ற இடத்துக்கு வந்தார்கள் ஐயா? வகுப்பில் கேட்டால் "பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி இல்லை" என்ற ஒரு வரியோடு முடித்துவிடுகிறார்கள். (மாணவர், கல்முனை)

பதில்: தம்பி, சரியான இடத்தைப் பிடித்துக் கேட்டிருக்கிறீர்கள். 1765இல் அமெரிக்கக் கரையில் பிரித்தானியாவின் கீழ் இருந்த 13 குடியேற்றங்களுக்கும் போய் "உங்களுக்குத் தனிநாடு வேண்டுமா" என்று கேட்டிருந்தால், கிட்டத்தட்ட எல்லோருமே வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். தங்களை ஆங்கிலேயர் என்றே நினைத்து வாழ்ந்தவர்கள் அவர்கள். பதினொரு வருடம் போனதும் அதே மக்களின் தலைவர்கள் மூன்றாம் ஜோர்ஜ் மன்னரைக் கொடுங்கோலன் என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்கள். வரி போட்டது அதற்குப் பாதிக் காரணம். மறுத்துப் பேசியவர்களுக்கு லண்டன் ஒவ்வொரு தடவையும் சொன்ன பதில் மற்றப் பாதி, என்னைக் கேட்டால் பெரிய பாதி.

தொடக்கம் கடன். பிரான்சோடு நடந்த ஏழாண்டுப் போர் 1763இல் முடிந்தபோது பிரித்தானியாவின் கடன் ஏறத்தாழ இரட்டித்து 13 கோடி பவுண் அளவில் நின்றது. போதாததற்கு அமெரிக்காவில் 10,000 படையினரை நிறுத்தி வைக்கும் செலவு வேறு. அதில் ஒரு பங்கை அங்கிருப்பவர்களே தரட்டும் என்று பிரதமர் ஜோர்ஜ் கிரென்வில் 1764இல் சீனிச் சட்டத்தையும் 1765இல் முத்திரைச் சட்டத்தையும் கொண்டுவந்தார். காணி உறுதி முடிக்க நொத்தாரிசிடம் போனவர்களுக்கு முத்திரைக் கட்டணம் என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. அங்கே உறுதி, வழக்குப் பத்திரம், கப்பல் பத்திரம், தவறணை அனுமதிப் பத்திரம், செய்தித்தாள், பஞ்சாங்கம், விளையாடும் சீட்டுக்கட்டு எல்லாவற்றுக்கும் முத்திரை வேண்டும் என்றார்கள். அதையும் ஸ்டேர்லிங் காசில் கட்ட வேண்டும், உள்ளூர்த் தாள்பணம் செல்லாது. பிடிபட்டால் யூரி இல்லாத நீதிமன்றத்திலும் வழக்குப் போடலாம். கிரென்வில் ஒன்றைக் கவனிக்கவில்லை. இந்த வரி அதிகமாக விழுந்தது சட்டத்தரணிகள், அச்சுக்கூடக்காரர்கள், தவறணைக்காரர்கள் தலையில். பேசத் தெரிந்தவன், எழுதி அச்சடிக்கத் தெரிந்தவன், நாலு பேர் கூடும் இடத்தை வைத்திருப்பவன் என்று மூன்று பேரையும் ஒரே சட்டத்தால் பகைத்துக்கொண்டால் ஊர் எப்படிச் சும்மா இருக்கும்?

மசாசூசெட்ஸ் குடியேற்றத்தின் பொஸ்டன் நகரில் ஓகஸ்ட் 14ஆம் திகதி முத்திரை அதிகாரி அன்ட்ரூ ஒலிவரின் கொடும்பாவியை மரத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள், அவர் பதவியை விட்டுப் போனார். பன்னிரண்டு நாள் கழித்து உதவி ஆளுநர் தோமஸ் ஹட்சின்சனின் வீட்டையே கூட்டம் உடைத்துப் போட்டது. இது தெருவில் நடந்தது. இன்னொரு பக்கம் ஒக்டோபரில் ஒன்பது குடியேற்றங்களின் பிரதிநிதிகள் நியூயோர்க்கில் கூடி, லண்டன் பாராளுமன்றத்தில் எங்களுக்கு ஒரு பிரதிநிதியும் இல்லை, எங்களை வரி கேட்க எங்கள் சட்டசபைக்குத்தான் உரிமை என்று மரியாதையாக மனு எழுதினார்கள். வியாபாரிகள் ஆங்கிலச் சாமான்களைப் பகிஷ்கரித்தார்கள். 1766 மார்ச்சில் பாராளுமன்றம் முத்திரைச் சட்டத்தை நீக்கியது. அத்தோடு விட்டிருக்கலாம். அதே நேரத்தில் இன்னொரு சட்டத்தையும் நிறைவேற்றினார்கள், குடியேற்றங்களுக்காக எந்த விடயத்திலும் சட்டம் போடப் பாராளுமன்றத்துக்கு முழு அதிகாரம் உண்டு என்று. பணத்தை விட்டுக்கொடுத்துவிட்டு அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டார்கள்.

அடுத்த வருடமே அந்த அதிகாரத்தைப் பாவித்தார்கள். 1767இல் நிதியமைச்சர் சார்ல்ஸ் டவுன்சென்ட் கண்ணாடி, ஈயம், வர்ணம், கடதாசி, தேயிலை ஐந்துக்கும் இறக்குமதித் தீர்வை போட்டார். தீர்வையை விடவும் அந்தப் பணத்தை எதற்குச் செலவழிக்கப் போகிறார்கள் என்பதைப் பாருங்கள் தம்பி, அங்கேதான் சங்கதி இருக்கிறது. அதுவரை ஆளுநருக்கும் நீதிபதிகளுக்கும் சம்பளம் கொடுத்தது பெரும்பாலும் உள்ளூர்ச் சட்டசபைகள். சம்பளம் கொடுக்கிற இடத்துக்கு ஆளுநர் கொஞ்சம் செவிசாய்த்தே ஆகவேண்டும். வேர்ஜீனியாவில் 1619இலிருந்தே தேர்ந்தெடுத்த சபை இருந்தது, நூற்றைம்பது வருடப் பழக்கம் அது. இனிச் சம்பளத்தைத் தீர்வைப் பணத்திலிருந்து லண்டனே கொடுக்கும் என்றால், சபையின் கையிலிருந்த ஒரே பிடியும் போய்விடும். 1772இல் மசாசூசெட்ஸ் ஆளுநரும் நீதிபதிகளும் அப்படிச் சம்பளம் வாங்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும்தான் எதிர்ப்புத் தலைவர்களில் ஒருவரான சாமுவேல் அடம்ஸ் பொஸ்டனில் கடிதக் குழுவைத் தொடங்கினார். ஊருக்கு ஊர் கடிதம் எழுதுவது, பதில் வாங்குவது, வாசித்துக் காட்டுவது, வேலை அவ்வளவுதான். ஆனால் ஒருவரை ஒருவர் கண்டிராத ஊர்கள் ஒன்றாக முடிவெடுக்கப் பழகியது அங்கேதான்.

பிறகு தேயிலைச் சண்டை (அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்). அதற்குத் தண்டனையாக 1774 ஜூன் 1ஆம் திகதி பொஸ்டன் துறைமுகத்தை மூடினார்கள், மசாசூசெட்ஸ் ஊர்க்கூட்டங்களுக்கும் கட்டுப்பாடு விதித்தார்கள். ஒரு ஊரைப் பட்டினி போட்டால் மற்ற ஊர்கள் பயந்துவிடும் என்பது கணக்கு. தென் கரோலினாவிலிருந்து அரிசி வந்தது, கனெக்டிகட்டிலிருந்து ஆட்டுமந்தை வந்தது. செப்ரெம்பரில் 12 குடியேற்றங்கள் பிலடெல்பியாவில் மாநாடு கூடின. பகிஷ்கரிப்பைக் கவனிக்க ஊர்தோறும் குழு அமைத்தார்கள், அந்தக் குழுக்களே மெல்ல மெல்ல அரசாங்கத்தின் வேலையைச் செய்யத் தொடங்கின. 1775 ஏப்ரல் 19ஆம் திகதி லெக்சிங்டனில் ஆங்கிலப் படைக்கும் ஊர்ப்படைக்கும் இடையே முதல் சூடு விழுந்தது. அதற்குப் பிறகும் ஜூலையில் மன்னருக்குச் சமாதான மனு அனுப்பினார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். மன்னர் அதை ஏற்கவே இல்லை, ஓகஸ்டில் இவர்களைக் கலகக்காரர் என்று அறிவித்தார். 1776 ஜனவரியில் தோமஸ் பெயின், மன்னராட்சியே நமக்கு எதற்கு என்று சாதாரண ஆளுக்கும் விளங்கும் நடையில் ஒரு சிறுநூல் எழுதினார், அது கை கையாக மாறிப் பரவியது. ஜூலை 4இல் சுதந்திரப் பிரகடனம்.

அந்தப் பிரகடனத்தை ஒரு தடவை எடுத்து வாசியுங்கள். மன்னர்மீது 27 குற்றச்சாட்டுகள் வரிசையாக இருக்கின்றன. எங்கள் சம்மதம் இல்லாமல் வரி போட்டார் என்பது அதில் ஒரேயொரு குற்றச்சாட்டு, வியாபாரத்தைத் தடுத்தார் என்பதற்கும் யூரி விசாரணையைப் பறித்தார் என்பதற்கும் இடையில் கிடக்கிறது. சபைகளைக் கலைத்தது, நீதிபதிகளைத் தன் சம்பளக்காரராக்கியது, படையைக் கொண்டுவந்து இறக்கியது, மனுக்களுக்கு மீண்டும் மீண்டும் அடியையே பதிலாகத் தந்தது, இவைதான் மிச்சத்தில் பெரும்பகுதி. பரீட்சையில் இதை எழுதினால் புள்ளி கிடைக்கும்.

கேள்வி: அவ்வளவு தாங்க முடியாத வரியா அது? (விவசாயி, கிரான்)

பதில்: இல்லை ஐயா. இங்கிலாந்தில் இருந்த ஒருவர் கட்டிய வரியோடு பார்த்தால் அமெரிக்காவில் இருந்தவர் கட்டியது மிகக் குறைவு. முத்திரை வரியால் வருடத்துக்கு 60,000 பவுண் அளவுதான் வரும் என்று எதிர்பார்த்தார்கள், படைச் செலவில் பாதிகூட அதில் அடங்காது. இன்றைக்கு ஒரு சின்ன வரியை ஒத்துக்கொண்டால் நாளைக்கு எவ்வளவு போடுவார்கள் என்று கேட்க நமக்கு வாயில்லையே என்பதுதான் அவர்கள் பயம். அறுவடை முடிந்து விலையை வேறு யாரோ தீர்மானிக்கும்போது வட்டையில் நிற்கிற உங்களுக்கு அந்தப் பயம் புரியாமல் இருக்காது.

கேள்வி: 1773 சட்டத்தால் தேயிலை விலை குறைந்தது என்று படித்தேன். விலை குறைந்த சாமானை ஏன் கடலில் கொட்ட வேண்டும்? பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த முடியவில்லை. (ஆசிரியை, காத்தான்குடி)

பதில்: டீச்சர், உண்மைதான், குறைந்தது. கிழக்கிந்தியக் கம்பனி அப்போது கடனில் மூழ்கிக் கிடந்தது, களஞ்சியங்களில் விற்காத தேயிலை மலையாகக் குவிந்திருந்தது. (எல்லாம் சீனத் தேயிலை. நம்முடைய மலைநாட்டில் தேயிலைத் தோட்டம் வர 1867 ஆக வேண்டும்.) கம்பனியைக் காப்பாற்றப் பாராளுமன்றம் ஒரு வழி செய்தது. இங்கிலாந்துத் தீர்வை இல்லாமல் கம்பனியே நேராக அமெரிக்காவுக்கு அனுப்பி, தான் தெரிந்தெடுத்த முகவர்கள் மூலம் விற்கலாம். ஒல்லாந்தரிடமிருந்து களவாக வந்த தேயிலையை விட அது மலிவு. ஆனால் டவுன்சென்ட் போட்ட தீர்வைகளில் நாலை 1770இல் நீக்கிவிட்டு, இறாத்தலுக்கு 3 பென்ஸ் என்ற தேயிலைத் தீர்வையை மட்டும் வேண்டுமென்றே விட்டுவைத்திருந்தார்கள், உரிமையைக் காட்டுவதற்காக. மலிவு என்று வாங்கிக் குடித்தால் அந்த உரிமையையும் சேர்த்து விழுங்கியதாகிவிடும். உள்ளூர் வியாபாரிகளுக்கோ பிழைப்பும் போகும். பொஸ்டன் முகவர்களில் இரண்டு பேர் அப்போது ஆளுநராகிவிட்ட ஹட்சின்சனின் சொந்த மகன்கள் என்றால் ஊர் என்ன நினைத்திருக்கும் பாருங்கள்.

பிள்ளைகளுக்குச் சொல்லும்போது கடைசி நாளை மணிக்கணக்கில் சொல்லிப் பாருங்கள், கதை தானாகப் பிடிக்கும். டார்ட்மவுத் என்ற கப்பல் நவம்பர் 28இல் வந்துவிட்டது. 20 நாளுக்குள் தீர்வை கட்டாவிட்டால் சுங்கம் சரக்கை எடுத்துக்கொள்ளும், எடுத்துக்கொண்டால் எப்படியும் விற்றுவிடும். ஆகவே டிசம்பர் 16 இரவுக்குள் கப்பல் திரும்பிப் போனால்தான் உண்டு. அன்று பகல் பெரிய கூட்ட மண்டபத்தில் ஆயிரக்கணக்கில் சனம். கப்பல்காரரான பிரான்சிஸ் ரொட்ச் என்ற இளைஞரை, போய் ஆளுநரிடம் கப்பல் புறப்பட அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு வா, கப்பலைத் திருப்பி அனுப்பிவிடுவோம் என்று ஊருக்கு வெளியே இருந்த அவர் வீட்டுக்கு அனுப்பினார்கள். மார்கழிக் குளிரில், மெழுகுதிரி வெளிச்சத்தில் சனம் காத்திருந்தது. இருட்டிய பிறகு ரொட்ச் திரும்பி வந்தார், ஆளுநர் மறுத்துவிட்டார். நாட்டைக் காப்பாற்ற இந்தக் கூட்டத்தால் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று சாமுவேல் அடம்ஸ் சொன்னார். கொஞ்ச நேரத்தில் கிரிபின் துறையில் டார்ட்மவுத்திலும் பின்னால் வந்த இரண்டு தேயிலைக் கப்பல்களிலும் ஆட்கள் ஏறிவிட்டார்கள். 342 பெட்டிகளைக் கோடரியால் பிளந்து கொட்டினார்கள். கடல் வற்றியிருந்த நேரம் என்பதால் தேயிலை தண்ணீரில் போகாமல் கப்பலோரம் குவிந்து கிடந்தது, அதைத் தள்ளித் தள்ளி விட்டார்கள். மடியில் தேயிலையை ஒளித்த ஒருவனைப் பிடித்து அவமானப்படுத்தி அனுப்பினார்கள். வேறு சாமான் எதிலும் கை வைக்கவில்லை.

அந்தக் கம்பனி நமக்கு அந்நியமில்லை. 1795இல் மட்டக்களப்புக் கோட்டை ஒல்லாந்தர் கையை விட்டுப் போனபின் சில வருடம் இந்தக் கரையை ஆண்டது அதே கிழக்கிந்தியக் கம்பனிதான்.

கேள்வி: இந்தப் போருக்கும் நம்ம மட்டக்களப்புக்கும் ஏதும் தொடர்பு உண்டா, அல்லது எங்கேயோ நடந்த கதையா? (வாசகர், கல்லடி)

பதில்: இந்தக் கடிதத்தைப் பார்த்ததும் எனக்குச் சந்தோசம். தொடர்பு உண்டு, அதுவும் நேரடியாக.

முதலில் ஒரு திகதி. லண்டனில் முத்திரைச் சட்டத்தை நீக்கியது 1766 மார்ச். அதற்கு முந்திய மாதம், பெப்ரவரி 14இல், கண்டி மன்னர் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் ஒல்லாந்தரோடு செய்த உடன்படிக்கையில் இலங்கையின் கரையோரம் முழுவதையும் கொடுக்க வேண்டி வந்தது. மட்டக்களப்பும் அதில் போனது. இங்கே இருந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

பிறகு போர். 1778இல் பிரான்ஸ் அமெரிக்கர் பக்கம் சேர்ந்தது. ஒல்லாந்தர் அமெரிக்கருக்கு ஆயுதமும் சாமானும் விற்றுக்கொண்டிருந்ததால் 1780 டிசம்பரில் பிரித்தானியா அவர்கள் மீதும் போர் தொடுத்தது. அந்த நெருப்பு இந்தக் கடலுக்கும் வந்தது. 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் திருகோணமலையைப் பிடித்தார்கள். ஏப்ரல் 12இல் நம் கிழக்குக் கரைக்கு அப்பால் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரனின் கப்பல்களும் ஆங்கிலத் தளபதி ஹியூஸின் கப்பல்களும் மோதின, இரண்டு பக்கமும் பலத்த சேதம். பாய்மரம் முறிந்து, காயக்காரரும் நோயாளிகளும் நிறைந்த பிரெஞ்சுக் கப்பற்படை ஒதுங்கிய இடம் மட்டக்களப்பு. ஒல்லாந்தர் துறை என்பதால் தண்ணீரும் உணவும் எடுத்து, ஆட்களைத் தேற்றி, கப்பல்களைப் பழுதுபார்த்து ஜூன் தொடக்கம் வரை இங்கே தங்கினார்கள். ஓகஸ்ட் கடைசியில் சஃப்ரன் திருகோணமலையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தார். கடைசிக் கடற்சண்டை 1783 ஜூன் 20இல் தமிழ்நாட்டின் கடலூருக்கு முன்னால் நடந்தது. பிரான்சும் பிரித்தானியாவும் சமாதானத்துக்கு ஒப்பமிட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது, செய்தி வந்து சேரவில்லை, அந்த ஐந்து மாதத் தாமதத்தில் எத்தனை மாலுமிகள் வீணாகச் செத்தார்கள். பொஸ்டனில் முத்திரைத் தாளுக்காகத் தொடங்கிய தகராறு கடலூரில் போய் முடிந்தது என்று சொன்னால் மிகையில்லை.

கோட்டையைப் பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் இதையும் சொல்லுங்கள். போர்த்துக்கேயர் 1628இல் கட்டினார்கள், ஒல்லாந்தர் 1638இல் பிடித்தார்கள் என்பதோடு நிறுத்திவிடுகிறோம்.

கேள்வி: சுதந்திரம் என்று பேசியவர்கள் அடிமைகளை வைத்திருந்தார்களே? பெண்களுக்கு இதில் என்ன பங்கு? (பல்கலைக்கழக மாணவி, திருக்கோவில்)

பதில்: வைத்திருந்தார்கள் தங்கச்சி, அதை மூடி மறைத்து இந்த வரலாற்றைச் சொல்லக் கூடாது. அமெரிக்கப் படைத் தளபதி வாஷிங்டனும் பிரகடனத்தை எழுதிய ஜெபர்சனும் அடிமைகளின் சொந்தக்காரர்கள். 1770 மார்ச் 5இல் பொஸ்டனில் படையினர் சுட்டு இறந்த ஐந்து பேரில் ஒருவரான கிறிஸ்பஸ் அட்டக்ஸ் ஆபிரிக்க வம்சாவளியினர். 1773இலேயே மசாசூசெட்ஸில் அடிமைகள் தங்களுக்கும் விடுதலை கேட்டுச் சட்டசபைக்கு மனுக் கொடுத்தார்கள், பலனில்லை. 1775 நவம்பரில் வேர்ஜீனியாவின் ஆங்கில ஆளுநர் டன்மோர், கலகக்காரரின் அடிமைகள் எங்கள் பக்கம் வந்து போரிட்டால் விடுதலை என்று அறிவித்தார், ஆயிரக்கணக்கானோர் தப்பி ஓடினார்கள். அவர்களுக்குச் சுதந்திரம் இருந்தது எதிர்ப்பக்கத்தில். போர் முடிந்ததும் ஏறத்தாழ 3,000 பேரை ஆங்கிலேயர் கப்பலில் நோவா ஸ்கோஷியாவுக்கு ஏற்றிப் போனார்கள். மேற்கே இருந்த பூர்வீக மக்களுக்கு நேர்ந்தது அதைவிடக் கொடுமை, அவர்கள் நிலத்தை போரை முடித்த 1783 உடன்படிக்கையில் அவர்களைக் கேட்காமலே கைமாற்றினார்கள்.

பெண்கள் இல்லாவிட்டால் பகிஷ்கரிப்பே நடந்திருக்காது. ஆங்கிலத் துணியை வாங்காதே என்று ஆண்கள் தீர்மானம் போடலாம், வீட்டில் நூல் நூற்பது யார்? ஊர்ப் பெண்கள் இராட்டையோடு ஒன்றுகூடி விடிந்ததிலிருந்து பொழுதுபடும் வரை நூற்றார்கள். 1774 ஒக்டோபரில் வட கரோலினாவில் ஈடன்டன் என்ற ஊரில் 51 பெண்கள் தங்கள் பெயரைப் போட்டே பகிஷ்கரிப்புக்குக் கையெழுத்து வைத்தார்கள், லண்டன் பத்திரிகைகள் அவர்களைக் கேலி செய்தன. வாக்குரிமை மட்டும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

கேள்வி: இலங்கையிலும் வரிக்கு எதிராகக் கலகங்கள் நடந்தன. இங்கே ஏன் அது சுதந்திரப் போராக வளரவில்லை? (வாசகர், சம்மாந்துறை)

பதில்: கம்பனி ஆட்சி சென்னையிலிருந்து வந்த அதிகாரிகளை வைத்து வரி பிரித்து, தென்னை மரத்துக்கும் வரி போட்டபோது 1797இல் மக்கள் எழுந்தார்கள். வரி கைவிடப்பட்டது, ஆனால் கிடைத்தது வேறொரு எசமான், 1802இல் கரையோரம் முடிக்குரிய குடியேற்றமானது. 1848இல் ஆளுநர் டொரிங்டன் துவக்குக்கு, நாய்க்கு, கடைக்கு, வண்டிக்கு என்று வரி போட்டு, வருடத்தில் ஆறு நாள் தெருவேலை செய் அல்லது காசு கட்டு என்றார். மாத்தளையில் கலகம் வெடித்தது, இராணுவச் சட்டம் வந்தது, ஓகஸ்ட் 8இல் கண்டியில் கலகத் தலைவர் புரன் அப்புவைச் சுட்டுக் கொன்றார்கள். டொரிங்டனை 1850இல் திருப்பி அழைத்துக்கொண்டார்கள்.

துணிவில் இங்கே யாரும் குறைந்தவர்களில்லை. கூடிப் பேச ஒரு சபை இருக்கவில்லை என்பதைத்தான் நான் முக்கிய காரணமாகப் பார்க்கிறேன். 1833இல் வந்த சட்டசபையில் உத்தியோகப்பற்றற்ற ஆறு இடம், அதில் தமிழருக்கு ஒன்று, சிங்களவருக்கு ஒன்று, பறங்கியருக்கு ஒன்று, எல்லாம் ஆளுநர் நியமித்தது. முஸ்லிம்களுக்கு ஒரு ஆசனம் கிடைக்கவே 1889 ஆனது. தேர்தல் மூலம் முதல் இலங்கையர் போனது 1911இல், பொன்னம்பலம் இராமநாதன், அதுவும் படித்தவர்கள் மட்டும் போட்ட வாக்கில். நெல்லுக்கு இருந்த வரி 1892இல் நீங்கியது. அத்தனை காலமும் அந்த வரியைக் கட்டிய வயற்காரன் தன் பிரதிநிதிக்கு வாக்குப் போட 1931 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கேள்வி: சுதந்திரம் கிடைத்ததும் அமெரிக்கருக்கு வரி குறைந்ததா? (வாசகர், வாழைச்சேனை)

பதில்: கூடியது. போர்க்கடனை அடைக்க மசாசூசெட்ஸ் அரசு காசாகவே கேட்டு வரி போட்டது. காசு இல்லாத விவசாயிகளின் காணியும் மாடும் நீதிமன்றம் வழியாகப் போகத் தொடங்கின. 1786இல் அவர்கள் நீதிமன்ற வாசல்களை மறித்து வழக்குகளை நிறுத்தினார்கள், அவர்களை நடத்தியவர்களில் ஒருவர் சுதந்திரப் போரில் கப்டனாக இருந்த டானியல் ஷேய்ஸ். பழைய போராளி சாமுவேல் அடம்ஸ் இம்முறை அரசாங்கத்தின் பக்கம் நின்று கடும் தண்டனை கேட்டார், நாமே தெரிவு செய்த ஆட்சிக்கு எதிராக ஆயுதம் தூக்குவது வேறு என்பது அவர் வாதம். 1787 ஜனவரியில் ஸ்பிரிங்பீல்ட் ஆயுதக் களஞ்சியத்தில் பீரங்கிச் சூட்டில் நாலு பேர் இறந்தார்கள், கலகம் அடங்கியது. இரண்டு மூன்று மாதத்தில் தேர்தல் வந்தது. படையை அனுப்பிய ஆளுநர் ஜேம்ஸ் பௌடினைச் சனம் தோற்கடித்து ஜோன் ஹன்கொக்கைக் கொண்டுவந்தது, புதிய சபை வரிச் சுமையைக் குறைத்தது, 1788இல் ஷேய்ஸுக்கும் மன்னிப்புக் கிடைத்தது.